மண் ஈரமாக இருந்தும் செடி ஏன் வாடுகிறது?

தொட்டியில் மண் சொதசொதவென்று இருக்கும். மேலே செடி தலை தொங்கி நிற்கும். வாடிய இலையைப் பார்த்ததும் தாகமாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றிவிடுவார்கள். இரண்டு நாளில் அடி இலைகள் மஞ்சளாகி உதிரும். ஒரு வாரத்தில் செடி போய்விடும். தொட்டிச் செடிகளில் அடிக்கடி பார்க்கிற சாவு இதுதான். சொட்டுநீர் போட்டு டைமர் வைத்த தோட்டத்திலும் இது நடக்கிறது.

சந்தேகம் வந்தால் செடியைத் தொட்டியிலிருந்து மெல்லக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, தொட்டால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகக் குழகுழத்து இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். வேர்களும் மூச்சு விட வேண்டும். மண்ணின் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் எந்நேரமும் தண்ணீரே நின்றால் வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அழுகல் பூஞ்சணங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்துக்கு நடுவிலேயே செடி வாடுகிறது.

டைமர் கடிகாரத்தைப் பார்த்துத் திறக்கிறது. செடியோ வெயிலையும் காற்றையும் தன் வளர்ச்சியையும் பொறுத்துக் குடிக்கிறது. கோடையில் வைத்த நேரத்தை மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அப்படியே விட்டுவிடுவதுதான் சிக்கலின் வேர். சொட்டுநீர் நல்ல ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பருவத்துக்குப் பருவம் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு முனைதான் டிரிப்பர். அதன் மேல் மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருக்கும். உங்கள் தோட்டத்தில் அந்த டிரிப்பர் 4 லிட்டர்தான் தருகிறதா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. சோதனை எளிது. குழாயின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று டிரிப்பர்களுக்கு அடியில் பாத்திரம் வையுங்கள். சரியாக 6 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கிடைத்த தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்து பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான அளவு. 4 லிட்டர் டிரிப்பரில் 400 மில்லி வர வேண்டும், 2 லிட்டர் டிரிப்பரில் 200.

மூன்றிலுமே குறைவாக இருந்தால் அழுத்தம் போதவில்லை. சாதாரண டிரிப்பரின் அளவு ஏறத்தாழ 1 பார் அழுத்தத்துக்குச் சொல்லப்படுவது. அதற்குத் தண்ணீர்த் தொட்டி சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடித் தோட்டத்தில் தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்றால் கிடைப்பது 0.2 பார். 4 லிட்டர் டிரிப்பர் அங்கே 2 லிட்டருக்கும் குறைவாகத்தான் சொட்டும். அதில் தவறில்லை, அதற்கேற்ப நேரத்தைக் கூட்டினால் போதும். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவாகச் சொட்டும், அழுத்தம் சமன்செய்யும் வகை டிரிப்பர்களை மட்டும் இந்த இடத்தில் போடாதீர்கள். அவற்றில் பல வகைகளுக்குக் குறைந்தது அரை பாராவது வேண்டும், இல்லையென்றால் ஒன்று சொட்டும், ஒன்று சும்மா இருக்கும். டைமர் வாங்கும்போதும் இதையே பாருங்கள். சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடுவது) உள்ள பல டைமர்கள் குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறந்து மூடுவதில்லை. துளையுள்ள பந்து திரும்பித் திறக்கும் பால் (ball) வால்வு வகை, தொட்டியிலிருந்து தானாக இறங்கி வரும் தண்ணீருக்கும் வேலை செய்யும்.

தொடக்கத்தில் நிறைய வந்து கடைசியில் குறைந்தால் குழாய் மிக நீளமாகப் போயிருக்கிறது, அல்லது வழியில் எங்கோ மடங்கியிருக்கிறது. இரண்டு கிளையாகப் பிரித்து நடுவிலிருந்து தண்ணீர் கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு சிக்கல் சரிவான இடங்களில் வரும், இதைக் கண்டுபிடிக்கத்தான் நாளாகும். 16 மில்லிமீட்டர் குழாய் 20 மீட்டர் ஓடினால் அதன் வயிற்றில் ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீர் நிற்கும். வால்வு மூடிய பிறகு அது எங்கே போகும்? பள்ளத்தில் இருக்கிற ஒன்றிரண்டு தொட்டிகளில் போய் வடியும். ஒரு நாளைக்கு நான்கு முறை சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டால், அந்த ஒரு தொட்டிக்கு நான்கு முறையும் இந்த உபரி சேரும். எல்லாச் செடியும் நன்றாக இருக்க, கடைசித் தொட்டி மட்டும் அழுகுகிறதென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முறைகளைக் குறைத்து நேரத்தைக் கூட்டினால் பாதி சரியாகும். குழாயைச் சரிவின் குறுக்கே மட்டமாகப் போடுவது முழுத் தீர்வு.

20 லிட்டர் வளர்ப்புப் பைக்கு 4 லிட்டர் டிரிப்பர் ஒன்றைவிட 2 லிட்டர் டிரிப்பர் இரண்டு நல்லது. தேங்காய் நார்க் கழிவு அதிகமாக உள்ள கலவையில் தண்ணீர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும். ஒரே இடத்தில் சொட்டினால் பையின் மறுபாதி வேர் காய்ந்தே கிடக்கும்.

அடைப்பு

ஃபில்டர் இல்லாமல் சொட்டுநீர் போடாதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கு 120 மெஷ் (சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு 120 கண்கள்) ஃபில்டர் போதும். அதன் சல்லடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை குழாயின் முனை மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் டிரிப்பர் வாயில் சுண்ணாம்புபோல வெள்ளையாகப் படியும். கழற்றக்கூடிய டிரிப்பர் என்றால் வினிகரில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவினால் கரைந்துவிடும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். வடிகட்டாத உரக் கரைசல்களைச் சொட்டுநீரில் விட்டால் சில நாளில் குழாயே அடைத்துக்கொள்ளும். அவற்றைக் கையால் ஊற்றுவதே நல்லது. தண்ணீரில் கரையும் உரம் விட்டாலும் முடிவில் 10 நிமிடம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

கோடையில்

நண்பகலில் இலை துவள்வதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள். அகன்ற இலைச் செடிகள் கடும் வெயிலில் வேர் கொடுக்கிற வேகத்தைவிட வேகமாகத் தண்ணீரை ஆவியாக்குகின்றன. வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் குறை ஒன்றுமில்லை. காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் விரலை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள்: உள்ளே காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் வேரைச் சோதியுங்கள்.

இன்னொரு ஏமாற்று வேலையும் கோடையில் நடக்கும். தேங்காய் நார்க் கழிவு முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. கலவை சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் ஒரு இடுக்கு விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடித்துளையில் ஓடும். தண்ணீர் வடிகிறதே, நிறைந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உள்ளே வேர்ப்பந்து பொடிபோலக் காய்ந்து கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், காற்றாக இருக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அரை மணி நேரம் அதற்குள் வைத்தால் அடியிலிருந்து ஊறி ஏறும். பிறகு வெளியே எடுத்து வடியவிடுங்கள்.

காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார் எதுவானாலும் 5 சென்டிமீட்டர் மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டின் அடி அழுகும். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர், அதைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறதென்று சுண்ணாம்புச் சத்தைத் தேடுகிறவர்கள் பலர். சத்து பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கும். ஒரு நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றினால் அது காய்க்குப் போய்ச் சேராது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

மழையில்

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 30 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள தொட்டியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 700 மில்லி விழுகிறது. 4 லிட்டர் டிரிப்பர் 10 நிமிடத்துக்கு மேல் ஓடியதற்குச் சமம் அது. அன்று டைமரும் திறந்தால் இரட்டிப்பு. மழை நாள்களில் டைமரை நிறுத்திவிடுங்கள். அடர்ந்த செடிகள் மட்டும் விதிவிலக்கு: இலைகள் குடைபோல மழையைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடும், எனவே விரல் சோதனை மழையிலும் வேண்டும்.

தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளிலேயே முட்டை கொசுவாகிவிடும். தொட்டியை 2 சென்டிமீட்டராவது தூக்கி வைத்து, வடிகால் துளையில் குச்சி விட்டுப் பாருங்கள். வேரோ மண்ணோ அடைத்திருக்கும். அடியில் கூழாங்கல் போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஈரம் நிற்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையை மறைக்க வலைத்துண்டு போதும்.

மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிப்பதில்தான் பல பூஞ்சண நோய்கள் இலைக்கு ஏறுகின்றன.

குளிரில்

வெயிலும் வளர்ச்சியும் குறைவதால் கோடை அளவில் பாதி தண்ணீரே பல செடிகளுக்குப் போதும். நேரத்தைச் சுருக்குவதைவிட இடைவெளியைக் கூட்டுங்கள்: தினமும் 5 நிமிடம் விட்டால் மேல்மண் மட்டும் நனையும், இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் விட்டால் அடிவேர் வரை போகும். மாலையில் இலை நனைய ஊற்றாதீர்கள், இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் இலைப்புள்ளி நோயும் அழுகலும் முந்திக்கொள்ளும். உறைபனி விழும் இடமானால் குழாயையும் வால்வையும் டைமரையும் வடித்துவிட்டு உள்ளே எடுத்து வையுங்கள்; உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்தால் வால்வு வெடித்துவிடும்.

வெளியூர் போகிறவர்கள் கிளம்புகிற அன்று டைமரை மாட்டாதீர்கள். மூன்று நாள் முன்னதாகவே புது பேட்டரி போட்டு ஓடவிட்டு, கையால் ஒரு சொட்டும் ஊற்றாமல், தினமும் ஒவ்வொரு தொட்டியாக விரல் விட்டுப் பாருங்கள். கழன்ற இணைப்பும் அடைத்த டிரிப்பரும் நேரக் கணக்கில் பிழையும் அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும்.