உடம்பு தேறும், யாரும் மீட்பதில்லை: 'ரெகவரி'க்குத் தமிழ் எது?

'முழு மீட்புக்கு ஆறு வாரங்கள் ஆகும்.' வயிறு, மார்பகம், இடுப்பு என்று பல இடங்களில் ஒரே மயக்கத்தில் செய்யும் அழகு அறுவை சிகிச்சையைப் பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும் இந்த வாக்கியம் வந்து நிற்கிறது. குழந்தை பெற்ற பெண்களைக் குறிவைத்து மம்மி மேக்கோவர் என்று விளம்பரங்கள் பெயர் வைத்திருக்கிற அந்தச் சிகிச்சைக்குத்தான் இத்தனை மீட்பு: மீட்புக் காலம், மீட்பு அறை, மீட்பு ஆடை, மீட்புக் குறிப்புகள். அண்மையில் படித்த ஒரு கையேட்டில் 'நீங்கள் மீட்கப்பட்ட பிறகு குழந்தையைத் தூக்கலாம்' என்றே இருந்தது. யாரிடமிருந்து மீட்கப்பட்ட பிறகு?

இத்தனை மீட்பும் ரெகவரி என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லின் கதை சின்னது. லத்தீனில் ரெக்குபெராரே என்றால் திரும்பப் பெறுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரெக்கூப்பரேட் என்பதும் அதே வேர். களவு போன பொருள் கிடைத்தாலும், வராத கடன் வசூலானாலும், அழிந்த கோப்பைக் கணினி திருப்பித் தந்தாலும், காய்ச்சல்காரர் எழுந்து நடந்தாலும் ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதும். அது அவர்கள் வசதி. அந்த நெருக்கடி தமிழுக்கு இல்லை.

மீட்பது பிறவினை. அதற்கு மூன்று பேர் வேண்டும்: பிடித்து வைத்திருப்பவர், பிடிபட்டது, போய் மீட்பவர். அடகு வைத்த நகையை மீட்கிறோம். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்புக் குழு மீட்கிறது. புறத்திணையில் பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. கிறித்தவத் தமிழில் மீட்பர் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இத்தனை ஆண்டுப் பழக்கமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மீட்பு என்று காதில் விழுந்ததும் நம் மனம் மீட்கிற ஆளைத் தேடும். மருத்துவமனையில் அந்த ஆள் யார்? மருத்துவர் என்றுதான் நோயாளி நினைத்துக்கொள்வார்.

எனக்கு இந்தச் சொல்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மருத்துவரின் பெரிய வேலை மேசையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் பார்ப்பார், சோதிப்பார், சிக்கல் வந்தால் கைகொடுப்பார். நாள் முழுக்க நடக்கும் வேலை படுத்திருப்பவருடையது. தலையணைகளால் தலையையும் முழங்காலையும் உயர்த்திப் படுக்க வேண்டும். நேராக எழாமல் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தையல் இழுபடாதபடி இடுப்பைச் சற்று வளைத்தே சில நாள் நடக்க வேண்டும். வலித்தாலும் அன்றைக்கோ மறுநாளோ நடக்கத் தொடங்கியே ஆக வேண்டும், ஏனென்றால் அசையாமல் கிடக்கும் கால்களில்தான் ரத்தம் உறையும். பல அறுவைகளைச் சேர்த்துச் செய்யும்போது மேசையில் கிடக்கும் நேரம் நீளும், அந்த ஆபத்தும் கூடும். இவ்வளவையும் தானே செய்ய வேண்டிய ஒருவரிடம் போய் 'மீட்கப்படுவீர்கள்' என்றால், படுத்தே காத்திருக்கலாம் என்றுதான் அந்தச் சொல் அவருக்குச் சொல்கிறது.

'அப்படியானால் மீட்சி என்று வைத்துக்கொள்ளலாமே, அது தன்வினைதானே' என்பார்கள். இலக்கணப்படி சரி. மீள் என்பதிலிருந்து வந்தது, தானே மீள்வது. பொருளாதாரம் மீட்சி அடைந்தது என்று எழுதினால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் மீள்வது என்றால் பழைய இடத்துக்குத் திரும்புவது. இந்த அறுவைக்குப் போகிறவர் பழைய வடிவத்துக்குத் திரும்பவா போகிறார்? மிகுதியான தோலும் கொழுப்பும் வெட்டியெடுக்கப்பட்டிருக்கும், பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் நடுக்கோட்டில் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும், தொப்புளுக்குப் புதிய வாசல் திறக்கப்பட்டிருக்கும், இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு கோடு ஓடும். உடம்பு இனி ஒரு புதிய வடிவத்தில் நிலைகொள்ளப் போகிறது. திரும்பி வருவது தெம்பு மட்டும்தான்.

குணமடைதல்? நல்ல சொல். 2020இல் கொரோனா நேரத்தில் நாளிதழ்கள் நாள் தவறாமல் 'குணமடைந்தோர்' என்றுதான் எழுதின. 'மீட்கப்பட்டோர்' என்று எழுதியிருந்தால் வாசகர்கள் குழம்பியிருப்பார்கள், அது செய்தியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் குணமடைய ஒரு நோய் இருந்திருக்க வேண்டும். அழகு அறுவைக்கு வருகிறவர் நல்ல உடல்நலத்தோடு வருகிறார், வர வேண்டும் என்பதே விதி. காயம் சிகிச்சையால் வந்தது. ஆகவே குணமடைதல் தப்பில்லை, ஆனால் முழுதாகப் பொருந்தவில்லை.

தேறுதல்தான் சரி. தேறு என்றால் தெளி, உறுதிப்படு, வலுப்பெறு. குறளில் தேறுதல் என்பது ஒருவரை ஆராய்ந்து நம்புவது. தேர்வில் தேறுவதும் இதே வினைதான். பிறவினை தேற்று, துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுகிறோம். எல்லாவற்றிலும் தள்ளாட்டத்திலிருந்து உறுதிக்கு வரும் ஓர் அசைவு இருக்கிறது, பழைய நிலைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதையெல்லாம் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 'உடம்பு தேறிட்டு வருது', 'ஆள் தேறிட்டாங்க' என்று பேசுகிற எவரும் 'அம்மா மீட்பில் இருக்கிறார்' என்று சொல்ல மாட்டார்கள். தேறுதல் பேச்சுவழக்காகத் தெரிகிறது, மருத்துவ எழுத்துக்குக் கனம் போதாது என்ற குறையும் சொல்லப்படுகிறது. பேச்சில் உயிரோடு இருப்பதுதான் ஒரு மருத்துவக் கையேட்டுச் சொல்லுக்கு முதல் தகுதி. அதைப் படிக்கப்போகிறவர் வலியோடும் பயத்தோடும் படிக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ரெகவரி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஆங்கிலம் அடைத்து வைத்திருப்பவற்றுக்குத் தமிழில் தனித்தனி வினைகள் இருக்கின்றன. மயக்கம் தெளியும். வலி தணியும். புண் ஆறும். வீக்கம் வடியும். மரத்த தோலுக்கு உணர்வு திரும்பும். தழும்பு மங்கும். உடம்பு தேறும். இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. மயக்கம் சில மணி நேரத்தில் தெளிகிறது. முதல் வாரத்துக்குப் பிறகு வலி பெரும்பாலும் தணியத் தொடங்கும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் பலர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கனமானவற்றைத் தூக்கவும் கடும் உடற்பயிற்சி செய்யவும் ஆறு வாரம்போலக் காத்திருக்கச் சொல்வார்கள். வீக்கம் முழுதாக வடிய மூன்று முதல் ஆறு மாதம் வரைகூட ஆகும். தழும்பு மங்க ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு.

இப்போது 'முழு மீட்புக்கு ஆறு வாரங்கள்' என்ற வாக்கியத்துக்கு வருவோம். ஏழாவது வாரம் கண்ணாடி முன் நிற்பவருக்கு வயிறு இன்னும் உப்பலாக, கோடு இன்னும் சிவப்பாகத் தெரியும். முழு மீட்பு என்று படித்தவர் அறுவை கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிடுவார். 'ஆறு வாரத்தில் உடம்பு தேறிவிடும், வீக்கம் வடிய ஆறு மாதம் வரை ஆகலாம், தழும்பு மங்க அதற்கும் மேல்' என்று எழுதியிருந்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. கூடுதலாகப் பத்துச் சொல், அவ்வளவுதான்.

கையேடுகளில் அறுவைக்கு முந்தைய பகுதிக்கும் இதே கதிதான். 'அறுவை சிகிச்சைக்கான தயாரிப்பு' என்கிறார்கள். தயாரிப்பு என்றால் பொருள் செய்வது, படம் எடுப்பது. நாம் சொல்ல வேண்டியது ஆயத்தம், அல்லது முன்னேற்பாடு. இவை இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் அழகு. புகைப்பதைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துவது ஆயத்தம்: நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், தூக்கித் தைத்த தோலுக்கு ரத்தம் போகாமல் அது கருகிப்போகலாம். எடையை ஒரே அளவில் நிறுத்தி வைப்பதும், ரத்தசோகை இருந்தால் சரிசெய்வதும், ஆஸ்பிரின் போன்ற மருந்துகளையும் மூலிகை மாத்திரைகளையும் மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லி எதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்வதும் ஆயத்தம். முதல் சில நாள் கூடவே இருக்க ஓர் ஆளைப் பேசி வைப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வழி செய்வது, அடிக்கடி எடுக்கும் பொருள்களைக் குனியாமல் எட்டும் உயரத்தில் வைப்பது முன்னேற்பாடு. ஒன்று உடம்புக்கு, மற்றது வீட்டுக்கு. கையேடு எழுதுகிறவர்களுக்கு இரண்டு தலைப்பு இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் 'தயாரிப்பு' என்று போட்டு இரண்டையும் கலந்து கொட்டிவிடுகிறார்கள்.

ஒப்பனை அறுவை சிகிச்சை என்ற பெயரையும் சும்மா விட முடியாது. காஸ்மெட்டிக் கிரேக்கச் சொல், அடியில் இருப்பது காஸ்மோஸ்: ஒழுங்கு, அணி. தமிழில் ஒப்பனை என்றால் இன்று முகத்தில் பூசுவது, நாடகம் முடிந்ததும் கழுவிவிடுவது. 'ஒப்பனை மாற்றங்கள்' என்று அரசியல் கட்டுரையில் எழுதினால் மேலோட்டமான மாற்றம் என்று பொருள், அங்கே அது கச்சிதம். ஆனால் பல மணி நேர மயக்கத்தில், தசைவரை திறந்து செய்யும் அறுவைக்கு அந்தப் பெயரை வைப்பது அதன் கனத்தை மறைப்பது. 'அழகு அறுவை சிகிச்சை' என்ற வழக்குச் சொல்லே நேர்மையானது, அதில் அழகும் இருக்கிறது, அறுவையும் இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரியை 'நெகிழி அறுவை' ஆக்கியவர்கள் இன்னும் ஒரு படி மேலே. ஜெர்மனியின் எட்வர்ட் ட்சைஸ் 1838இலேயே பிளாஸ்டிக் அறுவைக்குக் கையேடு எழுதிவிட்டார். முதல் முழுச் செயற்கைப் பிளாஸ்டிக்கான பேக்கலைட் வந்தது 1907இல். அந்தப் பிளாஸ்டிக் கிரேக்கத்தில் வடிவம் பிசைவதைக் குறிப்பது, வாளி செய்யும் பொருளை அல்ல. உடல்வடிவ அறுவை என்றால் எவருக்கும் புரியும்.

நான் தனித்தமிழ்க் கட்சி இல்லை. மயக்கமருந்தை அனஸ்தீசியா என்றாலும் எனக்குச் சம்மதமே. என் வழக்கு, அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்களோடும், எந்திரம் தந்ததைப் படித்துப் பார்க்காமல் வெளியிடுகிறவர்களோடும். கம்ப்ரெஷன் கார்மென்ட் 'சுருக்க ஆடை' ஆகிறது, படிப்பவர் துணி சுருங்கியிருக்கும் என்று நினைப்பார். அது இறுக்க உடை: உடம்பை இறுக்கிப் பிடித்து, தோலுக்கடியில் நீர் சேராமல் பார்த்துக்கொள்வது. அறுவை செய்த இடத்திலிருந்து நீரை வெளியேற்றும் டிரெயின் 'வடிகால்' ஆகிறது. தெருவோரம் ஓடுவது வடிகால், வயிற்றோரம் பொருத்துவது வடிகுழாய். குழாயின் முனையில் உள்ள குமிழில் சேரும் நீரை அளந்து, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பல மருத்துவர்கள் எடுத்துவிடுவார்கள். ரெகவரி ரூம் 'மீட்பு அறை' ஆகிறது. அங்கே நடப்பது மயக்கம் தெளிவது. 'தெளிவறை' என்று கதவில் எழுதிப் பாருங்கள், வெளியே உட்கார்ந்திருக்கும் உறவினருக்கு விளக்கமே தேவைப்படாது.

எல்லாவற்றிலும் மோசமானது எச்சரிக்கைப் பகுதி. 'மீட்பில் சிக்கல்களின் அறிகுறிகள் தென்படின் தொடர்பு கொள்ளவும்.' இதை நடு இரவில் படிக்கும் ஒருவருக்கு என்ன புரியும்? இப்படி எழுதலாம்: 'நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வர வேண்டும். தேறாமல் பின்னடைந்தால் உடனே கூப்பிடுங்கள். ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியோ வீக்கமோ, அறுவை செய்த இடம் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்குதல், காய்ச்சல், தையலோரம் தோல் கருத்தல் இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யாரையும் கேட்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.'