மஞ்சள் ஏன் சிவக்கிறது?

சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியில் துணி சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் கறை ரத்தக்கறை மாதிரி சிவந்துவிடும். பதறிப்போய் அலசினால் பழையபடி மஞ்சள். ஆரத்தி கரைக்கும்போதும் இதே கதைதான். மஞ்சள் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பு போதும், தட்டு சிவந்துவிடும்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற சேர்மம். அதன் மூலக்கூறில் எளிதில் கழன்றுகொள்ளும் ஹைட்ரஜன்கள் உண்டு. சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்ததும் வெளிவரும் ஹைட்ராக்சைடு அயனிகள், குர்குமினிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீராகிவிடுகின்றன. பறிகொடுத்த குர்குமினில் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் விதம் மாறுகிறது. முன்பு நீல ஒளியை விழுங்கியது இப்போது பச்சையையும் சேர்த்து விழுங்கும். மிஞ்சி வருவது சிவப்பு.

ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். இந்தச் சொல்லில் தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். மிளகாயின் காரத்துக்கும் வேதியியல் காரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இந்தக் காரம் விரலில் வழவழக்கும். தோலிலுள்ள எண்ணெய்ப்பசையே கொஞ்சம் சோப்பாகிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அளவுகோல் வந்தது 1909-ல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், உயிர்களின் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் வேதியியலாளர் சோரன்சன். நொதியின் வேகம் கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளைப் பொறுத்தது. ஆனால் அந்த அளவுகள் மிகச் சிறியவை: தூய நீரில் லிட்டருக்கு 0.0000001 மோல் (மோல் என்பது அணு, மூலக்கூறு, அயனிகளை எண்ணும் அலகு). ஒவ்வொரு முறையும் இத்தனை சுழியம் போட்டு எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்த 1 எத்தனையாவது தசம இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் எழுதினார்: 7. அதுதான் தூய நீரின் பி.எச்., 25 டிகிரி செல்சியஸில்.

ஆகவே எண் ஏறினால் அயனி குறைகிறது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. பாடநூலின் பி.எச். வண்ணப்பட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். சுமார் 2, தண்ணீரைப் போல ஒரு லட்சம் மடங்கு ஹைட்ரஜன் அயனிகள் அதில் உண்டு. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4, அங்கே தண்ணீரில் உள்ளதில் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்குதான். நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். 7.4 என்பது 7.1 ஆனால், 0.3 தானே என்று தோன்றும். அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன என்று பொருள், உயிருக்கே ஆபத்து.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. பி.எச். 7.4-ஐத் தாண்டினால்தான் அது நிறம் மாறத் தொடங்கும். எலுமிச்சையும் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். புளிப்பைக் காண சங்குப்பூவை வெந்நீரில் போடுங்கள். நீலச் சாறு இறங்கும். எலுமிச்சை பிழியப் பிழிய ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகும்.

வேட்டிக்கு வருவோம். அலசும்போது சோப்பின் காரம் போய்விடுவதால், இழந்த ஹைட்ரஜன் அயனியைக் குர்குமின் தண்ணீரிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அதனால்தான் மறுபடி மஞ்சள். இன்னும் தேய்த்தால் கை வலிக்கும், வேறு பலனில்லை. குர்குமின் வெயில் தாங்காது. ஈரத்தோடு உச்சி வெயிலில் காயப்போடுங்கள், கறை வெளுத்துவிடும்.