அம்மா வழியிலும் வரும் ஆண்கள் புற்றுநோய்

"குடும்பத்தில் யாருக்காவது புராஸ்டேட் (ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் இருந்ததா?" என்று டாக்டர் கேட்டால், நம்மவர்கள் அப்பா, பெரியப்பா, அண்ணன் என்று ஆண்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு "இல்லை" என்பார்கள். அம்மாவுக்கு 45 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததும், சித்திக்குச் சினைப்பையில் வந்ததும் அந்தக் கணக்கில் சேராது. சேர வேண்டும்.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டதால் இருக்கலாமே? அதைப் பிரித்துப் பார்க்க இரட்டையர்கள் உதவினார்கள். ஒரே கருவில் பிரிந்தவர்களுக்கு மரபணுக்கள் முழுக்க ஒன்று. தனித்தனிக் கருவில் உருவானவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. ஆளுக்கு ஆள் புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் வேறுபடுவதில் சுமார் 57 சதவீதம் மரபால் என்று அது கணித்தது. 100 நோயாளிகளில் 57 பேருக்குப் பரம்பரையாக வந்தது என்று இதைப் படித்துவிடக் கூடாது. பலரும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

அந்த மரபுச் சுமையில் பெரும்பகுதி சின்னச் சின்னத் துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, டிஎன்ஏவில் அபாயத்தோடு தொடர்புடைய 451 வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றும் அபாயத்தைத் துளிதான் கூட்டும்.

தனியாளாக நின்று அடிக்கும் மரபணுக்கள் சில உண்டு. முக்கியமானது பிஆர்சிஏ2 (BRCA2). பெயரிலேயே மார்பகப் புற்றுநோய் (BReast CAncer) ஒட்டிக்கொண்டதால் ஆண்கள் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்கிறார்கள். பாவம், பெயர் செய்த வேலை. இது ரிப்பேர் வேலை பார்க்கும் மரபணு. டிஎன்ஏ ஏணியின் இரண்டு பக்கமும் சேர்ந்து முறிந்தால், பக்கத்திலுள்ள பிரதியைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் ஒட்டவைக்க இதன் புரதம் தேவை. நமக்கு இந்த மரபணு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பிறவியிலேயே பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆனால் என்றோ ஒருநாள் புராஸ்டேட் செல் ஒன்றில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போனால், முறிவுகள் கன்னாபின்னாவென்று ஒட்டப்பட்டு, பிழைகள் குவியும். பழுதான பிஆர்சிஏ2 உள்ள ஆண்களில் 85 வயதுக்குள் சுமார் 60 சதவீதத்தினருக்கு நோய் வரலாம் என்கிறது 2020இல் வந்த ஒரு மதிப்பீடு. வந்தால் வேகமாகப் பரவும் ரகமாக இருக்கும் வாய்ப்பும் அதிகம்.

இந்த மரபணு இருப்பது 13ஆம் குரோமோசோமில். பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய்யில் அல்ல. அதனால் அப்பாவிடமிருந்தும் வரலாம், புராஸ்டேட்டே இல்லாத அம்மாவிடமிருந்தும் வரலாம். பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதும் இதே பழுதுதான். மகனோ மகளோ, பழுதான பிரதி போய்ச்சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

நோய் உடலில் பரவிய 692 ஆண்களைச் சோதித்தபோது, சுமார் 12 சதவீதத்தினரிடம் பிஆர்சிஏ2 போன்ற ரிப்பேர் மரபணுக்களில் பிறவிப் பழுது இருந்தது. இந்த விவரத்தால் சிகிச்சையும் மாறுகிறது. ஒலாபாரிப் என்ற மருந்து, செல்லிடம் மிச்சமிருக்கும் இன்னொரு ரிப்பேர் வழியையும் அடைத்துவிடும். ஏற்கெனவே ஒரு வழியை இழந்த புற்றுநோய்ச் செல்லால் தாக்குப்பிடிக்க முடியாது. நல்ல பிரதி மிச்சமிருக்கும் மற்ற செல்கள் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

அப்புறம், சோதனை முடிவு நோயாளியோடு நிற்பதில்லை. 70 வயது அப்பாவிடம் பழுது தெரிந்தால், அடுத்து அதே சோதனைக்கு வர வேண்டியவர் அவருடைய 40 வயது மகளாகவும் இருக்கலாம்.