புராஸ்டேட் என்னும் முன்னிற்குஞ் சுரப்பி

பாலக்கோட்டிலிருந்து வந்த பெரியப்பாவைத் தருமபுரியில் ஒரு ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, முட்டிய சிறுநீரை அடக்கிக்கொண்டு, கர்ப்பிணிகளுக்கு நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அறிக்கை வந்ததும் வாசித்துக் காட்டினேன்: “புராஸ்டேட், 18 சிசி, நார்மல்.” அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அப்படியானால் எனக்கும் புராஸ்டேட் வந்துவிட்டதா, கண்ணு?”

இந்தச் சொல்லின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. புராஸ்டேட் என்பது ஆண்கள் எல்லாருக்கும் பிறவியிலேயே உள்ள ஓர் உறுப்பு. ஆனால் எங்கள் பக்கத்தில் “அவருக்குப் புராஸ்டேட்” என்றால் நோய் என்றே பொருள். “எனக்குக் கல்லீரல் வந்துவிட்டதா?” என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பெயர் நம்முடையது, புரிகிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘புரோ’ என்றால் முன். ‘புரோஸ்டாட்டேஸ்’ என்றால் முன்னால் நிற்பவர், தலைவர், காவலர். உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் 1538-லேயே இந்த உறுப்பைப் படமாக வெளியிட்டுவிட்டார். பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் து லோரான், 1600-ல். அதையும் பன்மையில்தான் வைத்தார்; உறுப்பு இரண்டு என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது.

முன் என்றால் எதற்கு முன்? பெரியப்பா தொப்புளுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். அங்கே இல்லை. சிறுநீர்ப்பையின் அடியில், அதன் வாயில் திறக்கும் இடத்தில், மலக்குடலுக்கு முன்புறமாக இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் இதன் நடுவே புகுந்துதான் போகிறது. வாசலில் நிற்கும் காவலாள் என்று கொண்டால் பெயர் பொருந்தும். ஆநிரை மீட்கும் சண்டையில் முன்னே நின்று விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் எத்தனையோ இருக்கின்றன. முன்னிற்றல் என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியாததல்ல.

ஆங்கில நூல்கள் இதன் அளவை வால்நட்டோடு ஒப்பிடுகின்றன. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூராகிய இந்தத் தருமபுரியில் எனக்கு அந்த உவமை எதற்கு? நன்றாகத் திரண்ட ஒரு பெருநெல்லி என்றால் போதும். பெரியப்பாவின் அறிக்கையில் 3.8, 3.2, 2.9 செ.மீ. என்று மூன்று அளவுகள் இருந்தன. மூன்றையும் பெருக்கி, முட்டை போன்ற வடிவத்துக்கான 0.52-ஆல் மறுபடியும் பெருக்கினால் 18 சிசி, அதாவது கன சென்டிமீட்டர், சொச்சம் வரும். இளம் வயதில் சுமார் 25 சிசி வரை இயல்பு. வயது ஏற ஏறப் பலருக்கும் இது பருக்கும்.

இந்த வகை ஸ்கேனுக்கு மீயொலி என்ற நல்ல சொல் இருக்கிறது. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. வயிற்றில் வைக்கும் கருவி நொடிக்குச் சுமார் 35 லட்சம் அதிர்வுகளை அனுப்புகிறது. நிறைந்த சிறுநீர்ப்பை ஒலிக்குச் சன்னல் போல வழிவிடும். தண்ணீர் குடிக்கச் சொல்வது அதற்காகத்தான். உறுப்பின் உட்பிரிவுகள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் மலக்குடல் வழியாகப் பார்க்க வேண்டும். அப்போது சுரப்பியின் வெளிப்பகுதியான புறமண்டலம் ஒரே சீரான வெளிர்சாம்பலாகவும், குழாயைச் சுற்றிய உள்பகுதி சற்றுக் கருமையாகவும், மேலுறை மெல்லிய வெண்கோடாகவும் தெரியும். இளைஞர்களுக்குச் சுரப்பித் திசுவில் சுமார் 70 விழுக்காடு அந்தப் புறமண்டலம்தான்.

தமிழில் ‘விந்துச் சுரப்பி’ என்று எழுதுவோரும் உண்டு. அது தவறான வழிக்கு இழுக்கிறது. மேலே இருபுறமும் இருக்கும் விந்துப்பைகள் வேறு. விந்தணுவை உண்டாக்கும் விரைகள் வேறு. இது விந்துநீரில் ஒரு பங்கைச் சுரக்கிறது, அவ்வளவுதான். சுக்கிலம் என்றால் விந்துநீர்; ‘சுக்கிலச் சுரப்பி’ பொருளளவில் தவறில்லை. ஆனால் ஒரு முதியவர் மருமகள் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்வாரா? ‘முன்னிற்குஞ் சுரப்பி’ என்று சொல்ல அவருக்கு எந்தக் கூச்சமும் இராது. சுரப்பி என்பதும் பெயரிலேயே இருப்பதால் நோயோ என்று மருளவும் வேண்டாம்.

பேச்சில் புராஸ்டேட் இருந்துவிட்டுப் போகட்டும். அறிக்கையில் மட்டும் அதன் பக்கத்தில் தமிழில் ஒரு வரி வேண்டும்: முன்னிற்குஞ் சுரப்பி, இயல்பான அளவு.