உரம் தயார், எந்த வயலுக்கு?

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு விவசாயி கத்தரி நாற்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். இலையெல்லாம் மஞ்சள். ஏதோ ஒரு குப்பைக் கிடங்கில், ஊர்க் குப்பையை மக்க வைத்து இலவசமாகக் கொடுத்த கம்போஸ்ட் உரத்தை ஒரு டிராக்டர் லோடு அடித்திருக்கிறார். "உரம் போட்டும் ஏன் சார் இப்படி?" என்றார். அவர் கொண்டுவந்த பையைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தேன். அரைகுறையாக மக்கிய தழை, நடுவில் கண்ணாடிச் சில்லு, ஷாம்பு பாக்கெட், ஒரு பேட்டரியின் தகரம்.

சரியாக மக்காத உரத்தில் கரிமம் அதிகம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். உரத்தில் போதாவிட்டால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். அதனால்தான் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் குப்பையில் செய்யும் கம்போஸ்டில் கரிமம் தழைச்சத்தைப் போல 20 மடங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கண்ணாடியைச் சலித்து எடுத்துவிடலாம். பேட்டரியிலிருந்து கசிந்த உலோகத்தை எந்தச் சல்லடையும் பிடிக்காது. அது வீட்டு வாசலில், குப்பை வண்டியில் போடும்போதே பிரிய வேண்டியது.

நம் ஊர்க் குப்பைத் திட்டங்களில் எத்தனை டன் குப்பை வருகிறது, அதை உரமாக்க எத்தனை கொட்டகை கட்ட வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். உரம் யார் வயலுக்குப் போகும் என்பதுதான் இருக்காது. 2016 திடக்கழிவு விதிகளில், ரசாயன உரம் 6, 7 மூட்டைக்குக் கம்போஸ்ட் 3, 4 மூட்டை சேர்த்து விற்க வேண்டும் என்று இருந்தது. கம்போஸ்ட் விற்பனைக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகையும் அதே ஆண்டில் அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எடையைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்துள்ள கம்போஸ்டில் அதே அளவு வேண்டுமென்றால் 2 டன் வேண்டும். யூரியா மூட்டை பைக்கிலேயே போய்விடும். கம்போஸ்டுக்கு வண்டி வாடகை, இறக்குகூலி, வயலில் இறைக்கக் கூலி. யூரியா தராத கரிமத்தைக் கம்போஸ்ட் மண்ணுக்குத் தருகிறது, அந்த மதிப்பு பெரியது. ஆனாலும் வாடகையை இன்றைக்கே கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறதே.

அதனால் கொட்டகைக்கு இடம் பார்க்கும்போதே பக்கத்துக் கிராமங்களின் சாகுபடிப் பரப்பையும் பார்க்கச் சொல்கிறேன். குப்பை தினமும் வரும், விவசாயி உரம் கேட்பது ஆடிப்பட்டத்துக்கு முன்னால். நடுவில் உள்ள மாதங்களுக்கு மழை படாத இருப்பு இடம் வேண்டும். அப்புறம், ஒவ்வொரு குவியலையும் பரிசோதிக்கப் பணம் ஒதுக்க வேண்டும். நான் பார்த்த பல திட்டச் செலவு மதிப்பீடுகளில் அந்த வரியே இல்லை.

உரம் வாங்கப் போகிறவர்கள் ஆய்வறிக்கை கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு கைப்பிடி எடுத்து, லேசாக ஈரமாக்கி, பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மழை நனைத்த மண் வாசனை வந்தால் போடலாம். புளித்த வாடையோ மூக்கில் ஏறும் நெடியோ வந்தால் அது இன்னும் மக்கவில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள்.