ஊசி போட்ட அன்று சோறு ஏன் இறங்குவதில்லை?

அக்கா மகனுக்கு ஒன்றரை வயது ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று மாலை. பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து, நெய் விட்டு, நிலாவைக் காட்டி ஊட்டலாம் என்று மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள் அக்கா. வழக்கமாகக் கிண்ணத்தையே பிடுங்குகிற பிள்ளை, அன்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டான். தொடையில் ஊசி போட்ட இடம் நெல்லிக்காய் அளவுக்குக் கெட்டித்து, தொட்டால் சுட்டது. “ரெண்டு வாய்கூட இறங்கலையே” என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றுக் கோளாறு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. பசியை அடக்கி வைத்திருந்தது அவனுடைய மூளை.

அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊசியின் முதல் பூஸ்டரும், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும், போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கிறார்கள். அன்றைய காய்ச்சலுக்குப் பெரும்பாலும் முத்தடுப்பு ஊசிதான் காரணம். அதில் கக்குவான் இருமலை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொன்று முழுதாகச் சேர்த்திருக்கிறார்கள். அது செத்த கிருமி என்பது உடம்புக்குத் தெரியாது. தசையில் காவல் இருக்கும் வெள்ளை அணுக்கள் அதன் மேல்தோலை அடையாளம் கண்டதும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற தூதுப் புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குப் போய்ச் சேர்கிறது.

உடல் வெப்பத்தையும் பசியையும் கவனித்துக்கொள்வது இந்த ஹைப்போதலாமஸ்தான். அதனால்தான் காய்ச்சலும் சாப்பாட்டு வெறுப்பும் கைகோத்து வருகின்றன. ‘போதும்’ என்று சொல்லும் நரம்பணுக்கள் உசுப்பப்படுகின்றன. ‘பசிக்கிறது’ என்று சொல்பவை அடங்கிப் போகின்றன. இரைப்பை காலியாவதும் மெதுவாகிறது. பாதி இட்லி போனாலே வயிறு நிறைந்துவிடும். அதற்கு மேல் திணித்தால் பல நேரம் வாந்தியாக வெளியே வரும்.

நோயை எதிர்க்க வேண்டிய நேரத்தில் உடம்பு ஏன் சாப்பாட்டை வேண்டாம் என்கிறது? அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: நோயுற்ற விலங்கு சுருண்டு படுப்பதும், தின்ன மறுப்பதும் பலவீனத்தால் மட்டும் அல்ல, நோயை வெல்ல உடம்பே வகுத்துக்கொண்ட வழி. 2016-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் சோதித்தார்கள். பாக்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குளுக்கோஸ் புகட்டியபோது அவை இறந்தன. ஃப்ளூ வைரஸ் தொற்றிய எலிகளுக்கோ அதே குளுக்கோஸ் உயிர் காத்தது. எலிக்கு நடந்தது குழந்தைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மடியில் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துப் புகட்டும் பழக்கத்தை விட்டுவிட எனக்கு இதுவே போதும். புரையேறும் ஆபத்து வேறு இருக்கிறது.

இன்னொன்று: பிறந்த எடையைப்போல மூன்று மடங்கை ஒரு வயதுக்குள் எட்டும் குழந்தை, இரண்டாவது வருடம் முழுக்கச் சேர்த்தும் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். இந்த வயதில் பசி இயல்பாகவே குறைவு. இரண்டு நாள் அரை வயிறு சாப்பிட்டதால் பிள்ளை இளைத்துவிடாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர், தெளிவான ரசம் எதுவானாலும் இரண்டு மூன்று ஸ்பூனாக அடிக்கடி கொடுக்கலாம். ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பாராசிட்டமால் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ச்சலோ வலியோ வந்தபின், குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம். வலி குறைந்ததும் சில பிள்ளைகள் தாமாகவே தட்டைத் தேடுவார்கள். ஆனால் காய்ச்சல் வருவதற்கு முன்பே கொடுத்து வைப்பது நல்லதல்ல. செக் நாட்டில் கைக்குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், அப்படி முன்கூட்டியே கொடுத்தபோது சில தடுப்பூசிகளுக்கு உண்டாகும் எதிர்ப்புப் புரதங்களின் அளவு குறைந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை அக்கா மகன் இரண்டு தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சரி, முடிந்தது என்று இருந்தோம். ஒன்பதாம் நாள் மறுபடி லேசான காய்ச்சல், மறுபடி வாயை மூடிக்கொண்டான். இதைப் பலரும் ஊசியோடு சேர்த்து யோசிப்பதில்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் இருப்பது வலுக்குறைந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். அது உடம்பில் பெருகி, எதிர்ப்பு மூள ஒரு வாரம் ஆகும். அதனால் சில குழந்தைகளுக்கு ஏழிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சலும், சில நேரம் மெல்லிய சிவப்புத் தடிப்பும் வந்து, தானாகவே அடங்கும். ஊசி போட்ட தேதியோடு அந்த நாட்களையும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். டாக்டரிடம் போக நேர்ந்தால் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். காய்ச்சலைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்பது அந்தத் தேதியாக இருக்கலாம்.