பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பிரித்துச் செய்வதா, வேறு மாட்டுவதா?

வண்டி ஜெர்க் அடிக்கிறது, டி-யில் போட்டால் நகர யோசிக்கிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே "கியர்பாக்ஸ் போச்சு, மாத்திடலாம்" என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் மிகச் சுலபம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். உள்ளே பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் உங்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் சொல்பவரின் கைக்கு எது வருமோ அதுவாகத்தான் இருக்கும். பிரித்துச் செய்பவர் ஓவர்ஹால் என்பார், பழைய கியர்பாக்ஸ் வாங்கி விற்பவர் மாற்றச் சொல்வார். உள்ளே என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அது தெரியாமல் இரண்டு எஸ்டிமேட்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்தால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் சூதாட்டம்தான்.

முதலில், கெட்டது கியர்பாக்ஸ்தானா? பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தாலும் கியர் மாறுவது தாறுமாறாகும். இன்ஜின் மவுன்ட் கிழிந்திருந்தால் ஆர் போட்டதும் 'டங்' என்று அடிக்கும். சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் சென்சாரோ த்ராட்டில் சென்சாரோ தப்பான தகவல் கொடுத்தால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் அதை நம்பித் தப்பான நேரத்தில் கியர் மாற்றும். ஸ்கேனரில் 'பி0700' என்று வந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பிழைக் குறியீட்டுக்கு "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்" என்பதற்கு மேல் அர்த்தமில்லை. உண்மையான தகவல் அடுத்து வரும் குறியீட்டில்தான் இருக்கும். 'பி0730' என்றால் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த கியர் விகிதம் கிடைக்கவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது என்று சந்தேகப்படலாம். 'பி0750' வரிசை என்றால் ஷிஃப்ட் சோலனாய்டு (கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) பக்கம் பார்க்க வேண்டும். வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு இழுக்க மறுப்பதும் பல நேரம் கியர்பாக்ஸ் உடைந்ததால் அல்ல. கோளாறு தெரிந்ததும் மேலும் கெடாமல் இருக்க கம்ப்யூட்டரே இரண்டாவது அல்லது மூன்றாவது மாதிரி ஒரு கியரில் பூட்டிவிடும் பாதுகாப்பு ஏற்பாடு அது.

அடுத்தது ஆயில். என்னைக் கேட்டால், இந்த முடிவில் ஸ்கேனரைவிட ஆயிலுக்குத்தான் அதிகம் காது கொடுக்க வேண்டும். பெரும்பாலான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் புதிதாக இருக்கும்போது சிவப்பு. ஓடி ஓடிப் பழுப்பாவது இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம். கறுத்து, கருகிய வாடை வந்தால் உள்ளே க்ளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு தேய்ந்து எரிந்திருக்கிறது என்று பொருள். பால் கலந்தது போல வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

அப்புறம் அடியில் உள்ள ஆயில் சேம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே ஒன்றோ இரண்டோ காந்தம் ஒட்டியிருக்கும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் மை போல, விரலில் தேய்த்தால் நெருடாத பசை படிந்திருந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம். துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டலாம். விரலில் குத்துகிற ஊசி ஊசியான இரும்புத் துணுக்குகள் இருந்தால் பேரிங்கோ கியரோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் சேம்பரின் அடியில் மஞ்சளாக மினுக்கினால் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) தேய்கிறது. கறுப்புத் துகள் கைப்பிடி அளவு இருந்தால் க்ளட்ச் முடிந்தது. அரை நாளில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் யாராவது "மாத்தணும்" என்றால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சில மாடல்களில் சேம்பரே இருக்காது. அங்கே இறக்கிய ஆயிலை வடிகட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது முடிவுக்கு வரலாம். கோளாறு சோலனாய்டிலோ வால்வு பாடியிலோ (ஆயில் அழுத்தத்தை க்ளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) இருந்து ஆயிலும் காந்தமும் சுத்தமாக இருந்தால், ஓவர்ஹாலும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். பல வண்டிகளில் வால்வு பாடியை கியர்பாக்ஸை இறக்காமலேயே கழற்றிவிடலாம். சீரான வேகத்தில் போகும்போது மட்டும் கரடுமுரடான ரோட்டில் ஓடுவது போல ஒரு நடுக்கம் வந்தால், இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் க்ளட்சைச் சந்தேகிக்கலாம். ஆயில் பழசாகியிருந்து இப்போதுதான் நடுக்கம் ஆரம்பித்திருந்தால், சரியான ஆயிலை மாற்றியதுமே அது நின்றுபோவதும் உண்டு.

க்ளட்ச் தேய்ந்து வழுக்குகிறது, ஆனால் டிரம் (க்ளட்ச் பிளேட்டுகள் உட்காரும் கூடு), பிளானட்டரி கியர் (கியர் விகிதம் தரும் பல்சக்கரத் தொகுப்பு), பம்ப், ஷாஃப்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் ஓவர்ஹாலுக்கு ஏற்ற கேஸ் அதுதான். உராய்வு பிளேட், சீல், கேஸ்கெட், ஃபில்டர் எல்லாம் கிட்டாகவே வரும். பரவலாக ஓடிய மாடல் என்றால் இன்னும் சுலபம். அதன் பலவீனம் எங்கே என்று செய்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அந்த இடத்துக்கு மேம்படுத்திய பார்ட்ஸும் வந்திருக்கும். மாறாக, பிளானட்டரி உடைந்து துண்டுகள் உள்ளே சுற்றியிருந்தால், வெளிக்கூட்டில் விரிசல் இருந்தால், கெட்டியான பார்ட்ஸ் (கியர், டிரம், ஷாஃப்ட் போன்றவை) ஒவ்வொன்றாகத் தேடி வாங்க வேண்டியிருந்தால், முழுப் பெட்டியை மாற்றுவதே மேல். பெல்ட்டும் புல்லியும் கொண்டு ஓடும் சிவிடி கியர்பாக்ஸில் புல்லியின் முகத்தில் கோடு விழுந்துவிட்டாலும் நான் மாற்றத்தான் சொல்வேன். பெல்ட்டை மட்டும் புதிதாகப் போட்டால் அதையும் அந்தப் புல்லி தின்றுவிடும்.

அந்த வெளிறிய இளஞ்சிவப்புக்கு வருவோம். பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். நடுவில் உள்ள உலோகச் சுவர் அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிடும். "ரேடியேட்டரை மாற்றி, ஆயிலை நாலு தடவை அலசிவிட்டால் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. உடனே கவனித்து, அந்த ஆயிலோடு வண்டி ஓடவே இல்லை என்றால் சில சமயம் தப்பிக்கலாம். ஓடியிருந்தால் கஷ்டம். உராய்வுப் பூச்சு காகிதம் போன்ற பொருள், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதை இரும்புத் தட்டில் பிடித்து வைத்திருக்கும் பசையையும் கூலன்ட் தளர்த்திவிடும். அலசிய பிறகு வண்டி அழகாக ஓடும், வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போவார். கொஞ்ச நாள் கழித்துப் பூச்சு உரிந்து வரும். இந்த நிலையில் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். எதைச் செய்தாலும் ரேடியேட்டர் முதலில் மாற வேண்டும்.

ஓவர்ஹால் என்று முடிவானால், பெட்டியின் பெயரைவிடச் செய்பவரின் கைதான் முக்கியம். எஸ்டிமேட் வாங்கும்போது கிட்டுக்கு மேல் கெட்டியான பார்ட்ஸ் எதுவும் போயிருந்தால் எவ்வளவு கூடும், யாரைக் கேட்டுச் செய்வார்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். டார்க் கன்வெர்ட்டர் கணக்கில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது வெல்டிங் செய்து மூடிய பாத்திரம், உள்ளே சேர்ந்த குப்பையை வெளியிலிருந்து முழுதாக எடுக்க முடியாது. பழைய கன்வெர்ட்டரை அப்படியே மாட்டினால் புதிதாகச் செய்த பெட்டிக்குள் பழைய குப்பையை நாமே பம்ப் பண்ணுகிறோம். வெட்டிச் சுத்தம் செய்து திரும்ப வெல்டிங் செய்ததோ, புதியதோ, இரண்டில் ஒன்று வேண்டும். வால்வு பாடியையும் விடக்கூடாது. அலுமினியத் துளைகளில் வால்வு ஓடி ஓடி இடைவெளி விழுந்திருந்தால் அழுத்தம் கசியும், புதுப் பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும். நல்ல கைக்காரர் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்துத்தான் அடுக்குவார், ஒவ்வொரு க்ளட்ச் தொகுப்பின் இடைவெளியையும் அளந்து பார்ப்பார். "இதெல்லாம் பார்ப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

மாற்றுவது என்றால் அதிலும் மூன்று வகை. புதியது பழைய கார்களுக்குக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை வண்டியையே நெருங்கும். தொழிற்சாலை முறையில் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, மேடையில் ஓட்டிச் சோதித்து வருகிற ரீமேனுஃபாக்சர் பெட்டி நல்ல வழி. வாரன்டியும் உருப்படியாக இருக்கும். பழைய காரிலிருந்து கழற்றிய யூஸ்டு பெட்டிதான் மலிவு. ஆனால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்படி ஓடியது என்பதற்கு விற்பவரின் வாய்தான் சாட்சி. விபத்தில் பின்பக்கம் அடிபட்ட, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பெட்டி என்றால் நம்பலாம். வெயில் மழையில் தனியாகக் கிடந்த பெட்டி என்றால் நான் தொட யோசிப்பேன். வாங்குவதற்கு முன் அதன் சேம்பரையும் திறந்து அதே காந்தப் பரிசோதனையைச் செய்யலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் நகர்ந்துவிடுங்கள். ஒரே மாடல் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பெட்டியின் மேல் உள்ள குறியீட்டு எண், ஃபைனல் டிரைவ் விகிதம், கனெக்டர் எல்லாம் பொருந்த வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் வகையாக இருந்தால் புரோகிராம் செய்யாமல் பல நேரம் வண்டி நகராது.

எதை மாட்டினாலும் கூலரைக் கவனிக்காவிட்டால் இரண்டாவது பெட்டியும் அதே வழியில் போகும். முதல் பெட்டி சாகும்போது விட்ட துகள்கள் எல்லாம் கூலரின் குறுகிய வழிகளில் உட்கார்ந்திருக்கும். லைனை நன்றாக அலச வேண்டும். அலசிச் சுத்தமாகாத வகைக் கூலர் என்றால் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்குச் செலவழித்தவர்கள் இந்தச் சின்னப் பொருளில் மிச்சம் பிடிப்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம்.

ஏற்றும்போது நடக்கும் ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். டார்க் கன்வெர்ட்டரை கியர்பாக்ஸின் மூக்கில் செருகும்போது அது படிப்படியாக உள்ளே இறங்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட்டின் பல், ஸ்டேட்டரின் பல், கடைசியில் ஆயில் பம்ப்பின் பிடி, மூன்றிலும் உட்கார்ந்தால்தான் முழுதாக இறங்கியதாக அர்த்தம். சுழற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொன்றும் 'டக்' என்று விழுவது கையில் தெரியும். கடைசி 'டக்' விழாமல், பெட்டியை இன்ஜினோடு சேர்த்து போல்ட்டால் இழுத்து முடுக்கினால் பம்ப் உடைந்துவிடும். புதுப் பெட்டி ஒரு மீட்டர்கூட ஓடாமல் திரும்ப இறங்கும். "நீங்கள் கொடுத்த பெட்டி சரியில்லை" என்று விற்றவரோடு நடக்கும் சண்டைகளில் இதுவும் ஒன்று.

வண்டிக்கு இவ்வளவு செலவு தகுமா? விற்றால் கிடைக்கும் விலையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். இதே அளவு நம்பகமாக ஓடும் இன்னொரு பழைய வண்டி வாங்க எவ்வளவு ஆகும், அதன் கியர்பாக்ஸ் எப்படி இருக்கும் என்று தெரியுமா, அதோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, அடிப்பாகம் துரு ஏறவில்லை, வரலாறு உங்கள் கையில் இருக்கிறது என்றால் செய்யலாம். இன்ஜினும் புகை விடுகிறது, அடியில் துருவும் இருக்கிறது என்றால், அந்தப் பணத்தை கியர்பாக்ஸில் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வேலை முடிந்த பிறகு பழைய தகவல்களை அழித்து கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தேய்ந்த க்ளட்சுக்குக் கொடுத்த அழுத்தத்தையே புதியதற்கும் கொடுத்து ஜெர்க் அடிக்கும். ஆயில் அளவைப் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது, தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் பார்க்க வேண்டும். ஆயில் விஷயத்தில் 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது.

இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால், அதுவரை வழுக்கும் வண்டியை ஓட்டாதீர்கள். க்ளட்ச் மட்டும் போன பெட்டியில் டிரம்மும் சேர்ந்து போவது இப்படித்தான். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் படாதபடி, முடிந்தால் பிளாட்பெட் லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப் சுற்றாது, ஆயிலும் போகாது. கயிறு கட்டி இழுத்துப் போனால், பழுது பார்க்கப் போகிற பெட்டியை வழியிலேயே இன்னும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு போவீர்கள்.